கொள்ளா, ஓட்ஸா என்று கேட்பதற்கு முன்: குதிரைக்கு எந்தத் தீவனம்?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை கூடிக் கலைந்ததும் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "அண்ணா, குதிரை பிடிச்சாச்சு. கொள்ளு வேக வெச்சுப் போடவா, ஓட்ஸ் வாங்கவா, இல்ல மூட்டையில வர்ற கம்பெனி பெல்லட் தீவனமே போதுமா?" கேட்பவர் பலரும் ஏற்கெனவே மாடு வைத்திருப்பவர்கள். தோட்டத்தில் கோ-4 தீவனப்புல் நிற்கிறது, களத்தில் வைக்கோல் போர் இருக்கிறது, தவிட்டுக்குக் கடையில் கணக்கு ஓடுகிறது. புல் விஷயம் முடிந்தது, தானியத்தை மட்டும் முடிவு செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது புல்லைத்தான். தீவனத்தால் நொடிந்த குதிரைகளாக நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம், மாட்டுக்கு ஒத்துக்கொள்வது குதிரைக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அதனால் புல்லைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டுத் தானியத்துக்கு வருகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் வேலை, உங்கள் குதிரையின் எடை தெரிய வேண்டும். தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். நெஞ்சளவு 165, நீளம் 155 என்றால் சுமார் 355 கிலோ. கட்டுரை முழுக்க 350 கிலோ குதிரையை வைத்தே கணக்குச் சொல்கிறேன்.

ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 2 சதவீதம் அளவுக்கு உலர்பொருள் தின்ன வேண்டும். அதாவது தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் 7 கிலோ. அதில் குறைந்தது 5 கிலோவாவது புல்லாகவோ சோளத்தட்டாகவோ, மென்று தின்கிற நாராக இருக்க வேண்டும். இதற்குக் காரணம் அதன் வயிறு. குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இருபத்துநான்கு மணி நேரமும் ஊறும். அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ வாய் மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி தானியம் போட்டுவிட்டு நடுவில் வெறும் கயிற்றில் கட்டிப்போட்டால், அமிலம் இரைப்பைச் சுவரைத்தான் அரிக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வாயில் ஒன்றும் இல்லாமல் குதிரை நிற்கக் கூடாது. குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. உள்ளே போன தப்பான தீவனம் குடல் முழுக்கக் கடந்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், ஒரு வேளைக்கு எவ்வளவு மாவுச்சத்து போகிறது என்பது. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சிய மாவு பெருங்குடலுக்குப் போனால் அங்கே புளித்து, நார் செரிக்கிற நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அதன் விளைவுதான் வயிற்றுவலியும், லேமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சியும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, ஒரு வேளைக்குப் பாதுகாப்பான அளவு. நம் 350 கிலோ குதிரைக்கு 350 கிராம்.

மூன்றாவது, கால்சியமும் பாஸ்பரஸும். கால்சியம் எப்போதும் பாஸ்பரஸை விடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருந்தால் நல்லது. இந்தக் கணக்கு தலைகீழானால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். நம் ஊர்த் தீவனங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

நான்காவது பூஞ்சை, தூசி, நஞ்சு. ஐந்தாவது விலை. ஆனால் விலையைப் பச்சை எடையில் பார்க்காதீர்கள். பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கிலோ 4 ரூபாய்க்குப் பச்சைப் புல் வாங்கினால் ஒரு கிலோ உலர்பொருள் உங்களுக்கு 20 ரூபாய் விழுகிறது. கிலோ 18 ரூபாய்க்குக் காய்ந்த புல் கட்டு கிடைத்தால் அதுவும் ஏறக்குறைய அதே விலைதான். அறுப்புக் கூலியும் வண்டி வாடகையும் சேர்த்தால் காய்ந்த புல்லே மலிவாகக்கூட இருக்கும்.

## புல்லில் நான்கு வழிகள்

### 1. கோ-4, கோ-5 கம்பு நேப்பியர்

மாட்டுக்காரர்களுக்கு இது வரம். நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. இருக்கிற நிலத்தில் இவ்வளவு பச்சை தருகிற வேறு தீவனம் இல்லை. குதிரையும் விரும்பித் தின்னும்.

பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. நேப்பியரில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், இளம் தளிரில் இன்னும் அதிகம். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த இரைப்பை கிடையாது. சிறுகுடலில் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு லத்தியோடு வெளியே போய்விடும். ஒரு கிராம் கால்சியத்தைக் கட்டிப்போட 2.2 கிராம் ஆக்சலேட் போதும். புல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் கால்சியம் நன்றாக இருப்பதாகத்தான் அறிக்கை வரும், ஆனால் குதிரைக்கு அது சேராது.

ஒரு பால்பண்ணையில் அப்படி ஒரு பெட்டைக் குதிரையைப் பார்த்தேன். குட்டி போட்டு நான்கைந்து மாதம். நேப்பியர் வயிறு நிறைய, அதோடு தினம் இரண்டு வேளை கோதுமைத் தவிடு. உடம்பு பார்க்க மோசமில்லை. ஆனால் ஒரு நாள் முன்கால் நொண்டும், மறுநாள் பின்கால் நொண்டும். லாடக்காரர் இரண்டு முறை குளம்பைச் சீவிப் பார்த்துவிட்டார். முகத்தில் கண்ணுக்குக் கீழே, கன்னத்து முகட்டுக்கு மேலே கையை வைத்தால் எலும்பு இருபுறமும் மேடாக, மொழுமொழுவென்று தட்டுப்பட்டது. வைக்கோலை வாயில் வைத்து மெல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது, பல் ஆட ஆரம்பித்திருந்தது. பெரிய தலை நோய் என்று இதைச் சொல்வார்கள். முகத்து எலும்பில் இருந்த கால்சியம் போய், அந்த இடத்தை நார்த்திசு நிரப்பியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், ஏனென்றால் எலும்பை உருவித்தான் இரத்தத்தைச் சரி செய்துகொண்டிருக்கிறது உடல். பால் கொடுக்கிற பெட்டைக்கும் வளர்கிற குட்டிக்கும்தான் இது முதலில் வரும்.

அதற்காக நேப்பியரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மொத்த நாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், முற்றிய பிறகு அறுத்து, குதிரைமசாலோடு (லூசர்ன் என்கிற பயறு வகைத் தீவனப்பயிர்) சேர்த்துப் போடலாம். கொழுக்கட்டைப்புல்லும் கினியாப்புல்லும் இதே வகை, அவற்றுக்கும் இதே எச்சரிக்கை. கொழுக்கட்டைப்புல் மேய்ச்சலில் நிற்கும் குதிரைகளுக்குப் பெரிய தலை நோய் வருவதை ஆஸ்திரேலியாவில் நன்றாக அறிவார்கள்.

எப்போது ஏற்றது: சொந்த நிலம் இருக்கிறது, சினையும் பாலும் இல்லாத வளர்ந்த குதிரை, கூடவே கால்சியத்துக்கு வழி செய்திருக்கிறீர்கள் என்றால். நேப்பியரை மட்டும் நம்பி எந்தக் குதிரையையும் வைக்காதீர்கள்.

### 2. வைக்கோல், சோளத்தட்டு

மலிவு, எங்கும் கிடைக்கும், ஆண்டு முழுக்கப் போரில் நிற்கும். நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். சிலிக்கா அதிகம், செரிமானம் குறைவு, ஆக்சலேட்டும் உண்டு. வைக்கோல் மட்டும் தின்கிற குதிரைக்கு வயிறு பானைபோலத் தொங்கும், முதுகெலும்பு துருத்தும். பார்ப்பவர்கள் குதிரை நன்றாகத் தின்கிறது என்பார்கள். அந்த வயிற்றில் இருப்பது செரிக்காத நார். தண்ணீர் குறைந்தால் அது குடல் வளைவில் கட்டிக்கொண்டு அடைத்துவிடும். கோடையில் வரும் வயிற்றுவலி அழைப்புகளில் இந்த அடைப்புக்கு நிரந்தர இடம் உண்டு.

வைக்கோலின் மறைச் செலவு, அதன் குறையை ஈடுகட்ட நீங்கள் போடுகிற தானியம். புல்லில் மிச்சம் பிடித்த காசு தானியக் கடைக்குப் போகிறது. தானியம் ஏறினால் நான் மேலே சொன்ன மாவுச்சத்துச் சிக்கல் வருகிறது.

சோளத்தட்டு வைக்கோலை விட மேல். இனிப்பு இருக்கும், புரதமும் சற்றுக் கூடுதல். ஆனால் நன்றாக முற்றிக் காய்ந்த தட்டாக இருக்க வேண்டும். இளம் சோளப் பயிரிலும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த பயிரிலும் சயனைடு நஞ்சு இருப்பது மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். குதிரைக்குப் பச்சைச் சோளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தொடர்ந்து மேய்ந்தால் மூத்திரப்பை கெட்டுப் பின்கால்கள் தள்ளாடும். பச்சைச் சோளம் வேண்டவே வேண்டாம்.

எப்போது ஏற்றது: ஓவர் எடை போட்டு, சும்மா நிற்கிற குதிரைக்கு வாயில் வேலை கொடுக்க. நல்ல புல்லோடு நான்கில் ஒரு பங்கு வரை கலக்கலாம். தண்ணீர் எந்த நேரமும் முன்னால் இருக்க வேண்டும்.

### 3. காய்ந்த நல்ல புல்: ரோட்ஸ், அருகு, ஓட்ஸ் ஹே

என்னைக் கேட்டால் குதிரை லாயத்துக்கு அடிப்படை இதுதான். ரோட்ஸ் புல்லில் ஆக்சலேட் குறைவு, தண்டு மெல்லியது, நம் வெயிலில் நன்றாகக் காயும். அருகம்புல் வாய்க்கால் ஓரத்திலும் தோப்பிலும் கிடைக்கிற இடங்களில் அறுத்துக் காய வைத்துப் போடலாம். பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பு மட்டும் வேண்டாம். ஓட்ஸ் பயிரைப் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் காய வைத்த ஹே பந்தயக் குதிரை லாயங்களுக்குப் பழக்கமானது. வடக்கிலிருந்து வருவதால் லாரி வாடகை விலையில் ஏறும்.

வாங்கும்போது கட்டை வெளியே பார்த்து வாங்காதீர்கள். ஒரு கட்டை அவிழ்த்து நடுவில் கையை விடுங்கள். சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒரு பிடி எடுத்து வெயிலில் உதறிப் பாருங்கள், வெள்ளையாகப் புகை பறந்தால் அது பூஞ்சை. முகர்ந்தால் தேயிலை வாசம் வர வேண்டும், மூட்டை கட்டிவைத்த ஈரத்துணி வாசம் வந்தால் வேண்டாம். பூஞ்சைத் தூசி நுரையீரலில் போனால் குதிரை ஓட்டத்தின்போது இருமும், பிறகு சும்மா நிற்கும்போதே இருமும். லேசான மண் தூசி என்றால் கால் மணி நேரம் தண்ணீரில் நனைத்துப் போட்டால் அடங்கும். பூஞ்சைக்கு நனைத்தல் மருந்தல்ல.

மறைச் செலவு சேமிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் நான்கு மாதத்துக்கானதை வாங்கிப் போட இடம் வேண்டும், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மரச்சட்டம் வேண்டும், மேலே ஒழுகாத கூரை வேண்டும். இது இல்லாதவர் மாதாமாதம் மழையில் நனைந்த கட்டைக் கூடுதல் விலைக்கு வாங்குவார்.

எப்போது ஏற்றது: எல்லாக் குதிரைக்கும். கிடைக்கிறதா, காசு இருக்கிறதா, வைக்க இடம் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

### 4. குதிரைமசால்

புரதம் 18 முதல் 22 சதவீதம். கால்சியம் பாஸ்பரஸைப் போல ஐந்து மடங்கு. ஒரு கிலோ காய்ந்த குதிரைமசாலில் 12 கிராமுக்கு மேல் கால்சியம் கிடைக்கும். வேலை இல்லாத 350 கிலோ குதிரையின் ஒரு நாள் தேவையே 14 கிராம்தான். இரைப்பை அமிலத்தைத் தணிக்கிற குணமும் இதற்கு உண்டு, பந்தயக் குதிரைகளுக்கு வேலைக்கு முன் ஒரு பிடி போடுவது அதனால்தான்.

விதைத்து 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 25 முதல் 30 நாளுக்கு ஒரு முறை. வடிகால் நன்றாக இருக்கிற மண் வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அடை மழைக் காலத்தில் காய வைப்பது கடினம், இலை உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சும். சத்து முழுக்க அந்த இலையில்தான் இருக்கிறது.

இதை மட்டுமே போட்டாலும் தவறு. மிஞ்சிய புரதம் மூத்திரமாகப் போகும். லாயத்தில் காலையில் நுழைந்ததும் அமோனியா கண்ணை எரித்தால் புரதம் அதிகம் என்று அர்த்தம். வெயில் காலத்தில் குதிரை அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் வியர்க்கும்.

எப்போது ஏற்றது: பால் கொடுக்கும் பெட்டை, வளரும் குட்டி, நேப்பியரையோ கொழுக்கட்டைப்புல்லையோ தவிர்க்க முடியாத இடம். மற்றக் குதிரைகளுக்கு நாரில் நான்கில் ஒரு பங்கு போதும்.

இதற்குப் பதிலாகச் சிலர் வேலியில் நிற்கிற சவுண்டலை (சூபாபுல் மரம்) ஒடித்துப் போடுகிறார்கள். ஆட்டுக்குப் போடுவது வேறு. சவுண்டலில் உள்ள மைமோசின் என்ற நஞ்சால் குதிரைக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். காற்றுப் புகாமல் புளிக்க வைத்த மக்காச்சோள சைலேஜ் மூட்டையும் வேண்டாம். அதில் வளரக்கூடிய பொட்டுலிச நஞ்சுக்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகிற கால்நடை குறைவு. லாயத்தைச் சுற்றி அரளி இருந்தால் இன்றே வெட்டுங்கள், உதிர்ந்த காய்ந்த இலையும் கொல்லும்.

## இனி தானியம்

நல்ல புல் வயிறு நிறையக் கிடைத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நிதானமான சவாரி மட்டும் போகிற குதிரைக்குத் தானியமே தேவையில்லை. உப்பும் தாது உப்புக் கலவையும் போதும். இதைச் சொன்னால் பலருக்கு மனம் ஒப்பாது. தானியம் போடாதது கஞ்சத்தனம் என்று அக்கம்பக்கம் பேசும். உங்கள் கையை விலாவில் வைத்துத் தடவிப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரி. அந்தக் குதிரைக்குத் தானியம் போட்டுக் கொழுக்க வைப்பது அதன் குளம்புக்குச் செய்கிற கெடுதல்.

தானியம் தேவைப்படுகிற குதிரைக்கு எது என்று பார்ப்போம்.

கொள்ளு. புரதம் 22 சதவீதம். மற்றத் தானியங்களைப் போல இதில் கால்சியம் பாஸ்பரஸை விட வெகுவாகக் கீழே இல்லை, ஏறக்குறைய சமமாக நிற்கும். நம் மண்ணில் மானாவாரியாக விளைவதால் எங்கும் கிடைக்கும். தென்னிந்தியாவில் வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைப் படைகளும் கொள்ளை வேக வைத்தே போட்டன. அந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, தோலும் கடினம். இரவெல்லாம் ஊற வைத்து, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேக வைக்க வேண்டும். விறகு, ஆள், நேரம் என்று இதற்கு மறைச் செலவு உண்டு. சித்திரை வெயிலில் காலையில் வேக வைத்தது மாலைக்குள் புளித்துவிடும், மிஞ்சியதை மறுவேளைக்கு வைக்காதீர்கள். உலர் எடையில் நாளுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை, இரண்டு வேளையாகப் பிரித்து. ஏற்கெனவே குதிரைமசால் போடுகிற லாயத்தில் கொள்ளும் சேர்ந்தால் புரதம் மிகையாகும், இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

ஓட்ஸ். தானியங்களில் குதிரைக்கு மிகப் பாதுகாப்பானது. தோலோடு இருப்பதால் நார் 10 சதவீதத்துக்கு மேல், மாவுச்சத்து 40 முதல் 45. அந்த மாவும் சிறுகுடலிலேயே நன்றாகச் செரித்துவிடும். பல் நன்றாக இருக்கிற குதிரைக்கு அரைக்காமல் முழுசாகவே போடலாம். ஒரு வேளைக்கு 800 கிராம் என்பது நம் குதிரைக்குக் கணக்கு. குறை, விலை. வடமாநிலத்திலிருந்து வருகிறது, இடையில் கலப்படமும் தூசியும் சேர்கிறது. சல்லடையில் சலித்துப் பார்த்தால் ஒரு மூட்டையில் எவ்வளவு மண்ணுக்குக் காசு கொடுத்தீர்கள் என்பது தெரியும். கால்சியமும் மிகக் குறைவு.

மக்காச்சோளம். கோழிப்பண்ணைகளால் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. மாவுச்சத்து 70 சதவீதம், உடைக்காமல் வேக வைக்காமல் போட்டால் அதில் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். இன்னும் ஒன்று, படியால் அளந்து போடுகிற பழக்கம். ஒரு படி மக்காச்சோளத்தில் ஒரு படி ஓட்ஸை விட ஏறக்குறைய இரு மடங்கு சக்தி இருக்கும். ஓட்ஸ் தீர்ந்துபோன நாளில் அதே படியால் மக்காச்சோளம் அளந்து போட்டு இரவில் வயிற்றுவலி வந்த கதைகள் நிறைய. தராசு வாங்குங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் பூஞ்சை. மக்காச்சோளத்தில் வருகிற ஃபுமோனிசின் நஞ்சு குதிரையின் மூளையைக் கரைக்கும், அதற்கு மருந்து கிடையாது. மழைக்காலத்து மக்காச்சோளத்தை நான் குதிரைக்குப் பரிந்துரைப்பதில்லை. மொத்தமாக வாங்குகிறவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிற தீவனப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடலைப் புண்ணாக்குக்கும் இதே எச்சரிக்கை, அதில் வருவது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு.

தவிடு. சூடான தண்ணீரில் குழைத்துக் கொடுத்தால் குதிரை ஆசையாக நக்கும், லத்தி இளகும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 2 கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல், கால்சியம் 3 கிராமுக்குள். அரிசித் தவிட்டில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். நேப்பியர் கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது, தவிடு பாஸ்பரஸை ஏற்றுகிறது. நம் ஊர்க் கொட்டகைகளில் இந்த இரண்டும்தான் ஜோடியாகக் கிடைக்கின்றன. தவிடு தினசரித் தீவனம் ஆகக் கூடாது, மருந்தைக் கலந்து கொடுக்க ஒரு கைப்பிடி போதும்.

கம்பெனிக் குதிரைத் தீவனம். தாதுக்கள் கணக்குப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள். வேக வைக்க ஆள் வேண்டாம். ஆனால் மூட்டையில் போட்டிருக்கிற அளவைப் போட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். மூன்று கிலோ போடச் சொன்ன இடத்தில் ஒரு கிலோ பெல்லட், ஒரு கிலோ ஓட்ஸ், ஒரு கிலோ தவிடு என்று கலந்தால் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய சமநிலையை நீங்களே கலைக்கிறீர்கள். அவசரமாகத் தின்கிற குதிரைக்குத் தொண்டையில் அடைக்கும், நனைத்துப் போடுங்கள்.

மாட்டுப் பெல்லட்டையும் கோழித் தீவனத்தையும் குதிரைத் தொட்டிக்கு அருகிலேயே வைக்காதீர்கள். சில மாட்டுத் தீவனங்களிலும் பல கோழித் தீவனங்களிலும் சேர்க்கிற மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே சாவு வரும். ஒரே சாக்கை இரண்டு கொட்டகைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுகூட வேண்டாம்.

சோறு. கல்யாண வீட்டில் மிஞ்சியது, ஹோட்டலில் மிஞ்சியது என்று சவாரிக் குதிரைகளுக்குப் போடுவதை இன்றும் பார்க்கிறேன். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பலில் இறங்குகிற குதிரைகள் இங்கே சீக்கிரம் செத்துப்போவதை எழுதிவைத்திருக்கிறார். வேக வைத்த சோறும் இறைச்சியும் போடுவதையும், வைத்தியம் தெரிந்தவர் இல்லாததையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறார். கடல் தாண்டிப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் அவை. சோறு முழுக்க மாவுச்சத்து, மென்று தின்ன அதில் ஒன்றும் இல்லை.

## ஒரே பார்வையில்

| தீவனம் | புரதம் (உலர்பொருளில்) | கால்சியம் | மறைச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கோ-4, கோ-5 | 8–11% | இருந்தும் சேராது | கால்சியம் ஈடு, அறுப்புக் கூலி | வளர்ந்த குதிரைக்கு, மூன்றில் ஒரு பங்கு வரை |
| நெல் வைக்கோல் | 3–4% | குறைவு | கூடுதல் தானியம், அடைப்பு | எடை குறைய வேண்டிய குதிரைக்குக் கலப்பாக |
| ரோட்ஸ், அருகு, ஓட்ஸ் ஹே | 7–10% | நடுத்தரம் | சேமிப்பிடம் | எல்லோருக்கும் அடிப்படை |
| குதிரைமசால் | 18–22% | மிக அதிகம் | விலை, மழையில் காய வைப்பது | பெட்டை, குட்டி, மற்றவருக்குக் கால் பங்கு |
| கொள்ளு | 22% | பாஸ்பரஸுக்கு ஏறக்குறைய சமம் | விறகு, ஆள், புளிப்பு | புரதம் குறைந்த புல் தின்னும் உழைப்புக் குதிரை |
| ஓட்ஸ் | 11–12% | குறைவு | லாரி வாடகை, தூசி | ஓட்டக் குதிரை |
| மக்காச்சோளம் | 8–9% | மிகக் குறைவு | அரைப்பு, பூஞ்சைப் பரிசோதனை | தவிர்க்கலாம் |
| கோதுமைத் தவிடு | 15–16% | பாஸ்பரஸில் பத்தில் ஒரு பங்கு | எலும்பு | தினசரி வேண்டாம் |

## உங்கள் குதிரைக்கு எது?

வார இறுதிச் சவாரி, தோட்டத்தில் நிற்கும் ஒன்றிரண்டு குதிரைகள். காய்ந்த புல் 6 கிலோ, குதிரைமசால் காய்ந்தது ஒன்றரை கிலோ, உப்பு 20 கிராம், தாது உப்புக் கலவை. அவ்வளவுதான். தானியத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் புல்லின் தரத்தில் போடுங்கள்.

ரேக்ளா, நெடுந்தூர ஓட்டம். காய்ந்த புல் குறையாமல் அடிப்படையாக இருக்கட்டும். அதன்மேல் ஓட்ஸ் ஒன்றரை முதல் இரண்டரை கிலோ, மூன்று வேளையாகப் பிரித்து. இன்னும் சக்தி வேண்டுமென்றால் தானியத்தை ஏற்றாமல் அரிசித்தவிட்டு எண்ணெயை மெல்ல மெல்லச் சேர்த்து 100, 150 மில்லி வரை போகலாம். எண்ணெயில் மாவு இல்லை, குடலில் புளிக்காது. வியர்வையில் போகிற உப்புக்கு 40, 50 கிராம் வரை கல்லுப்பு. ஓட்டத்துக்கு முன்னால் முட்டை, நெய், வெல்லம் என்று ஊட்டுவதை நிறுத்துங்கள். பந்தய நாளன்று தானியத்தைக் குறைத்து, இரண்டு மணி நேரம் முன்பு வரை புல் போடுவதே நல்லது.

சினை, பால். கருவில் குட்டி பெரிதாவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். குட்டி பிறந்த முதல் மாதத்தில் பெட்டையின் கால்சியத் தேவை சும்மா இருக்கும் குதிரையைப் போல மூன்று மடங்கு, புரதத் தேவை இரண்டு மடங்குக்கு மேல். நாரில் பாதி வரை குதிரைமசால் போகலாம். கொள்ளோ, பெட்டைக்கென்றே செய்த கம்பெனித் தீவனமோ இங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது. நேப்பியரும் தவிடும் இந்தக் காலத்தில் கொட்டகைக்குள் வரக் கூடாது.

கடற்கரை, மலையூர் வாடகைக் குதிரைகள். இவை நாள் முழுக்க வெயிலில், வாயில் கடிவாளத்தோடு நிற்கின்றன. என்ன தீவனம் என்பதை விட எப்போது என்பதுதான் இங்கே முக்கியம். மதியம் ஒரு மணி நேரம் கடிவாளத்தைக் கழற்றிப் புல்லும் தண்ணீரும் வையுங்கள். இரவில்தான் பெரும் பங்கு நார் போக வேண்டும், வலைப்பையில் கட்டி விட்டால் விடியும் வரை மென்றுகொண்டிருக்கும். மணலில் கொட்டிப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஐந்தாறு உருண்டை லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் குடலிலும் மணல் இருக்கிறது.

வயதானது. இருபது வயதைத் தாண்டிய குதிரை புல்லைச் சுருட்டிச் சுருட்டித் துப்பினால் அது பல். தீவனத்தை மாற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள். அதன் பிறகு நறுக்கிய புல்லையும் குதிரைமசாலையும் ஊற வைத்துக் கூழாகக் கொடுக்கலாம்.

## மாற்றுவது எப்படி

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பெருங்குடல் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த நான்கு நாள் அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று போங்கள். சந்தையில் வாங்குகிறவர்கள் விற்றவரிடம் அதுவரை என்ன போட்டார் என்று கேட்டு, முடிந்தால் அந்தத் தீவனத்திலேயே ஒரு வாரத்துக்கானதை அவரிடமே வாங்கி வாருங்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் போகும். எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிவதற்காகவே முதல் இரண்டு வாரம் தொட்டியில் விடாமல் வாளியில் வையுங்கள்.

அந்த நாட்களில் லத்தியைத் தினமும் பாருங்கள். உருண்டையாக, விழுந்ததும் பிளக்கிற பதத்தில் இருக்க வேண்டும். கழிச்சலானாலோ வாடை புளித்தாலோ முந்தைய படிக்குத் திரும்புங்கள். குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், தரையைக் கீறினால், படுத்துப் புரண்டால், லத்தி நின்றுபோனால் தீவனம் அத்தனையையும் எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.